கைக்கு எட்டியது வாய்க்கு எட்ட நூறு வருடம்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் செம்புக் கொப்பரை பற்றிக்கொள்ளும்போது திருவண்ணாமலை முழுக்க அண்ணாந்து நிற்கும். அந்த நேரத்தில் தெற்கே திரும்பிப் பார்க்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். தென்பெண்ணையைத் தாண்டினால் வருகிற மேல்சிறுவள்ளூரில் பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. கருகிய மண் ஓடுகளும் கசடும்தான். 1990களின் தொடக்கத்தில், லண்டனில் ஆய்வு மாணவியாக இருந்த சாரதா சீனிவாசன் அந்த ஓடுகளை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஓட்டில் ஒட்டிக்கொண்டிருந்த உலோகத் துணுக்குகள் சாதாரண இரும்பாக இல்லை. கார்பன் மிகுந்த உருக்கு அது. ஊர் குப்பைமேடு என்று தாண்டிப் போன இடம் ஒரு காலத்து உருக்காலை. அங்கே மூட்டிய தீ எத்தனை கடல் தாண்டிப் போய் எதையெல்லாம் பற்றவைத்தது என்பது மட்டும் நுண்ணோக்கியில் தெரியாது.

அந்தத் தீயை மூட்டிய விதம் அழகானது. களிமண்ணில் உமியைப் பிசைந்து, கைக்கு அடக்கமாக மூசை செய்தார்கள். உள்ளே இரும்புத் துண்டுகள். ஒரு மூசைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போவதில்லை. அதோடு ஆவாரங்கட்டைச் சில்லுகள். மேலே எருக்கிலையை மூடி, வாயை மண்ணால் அடைத்துக் காயவைத்தார்கள். இருபது, இருபத்துநாலு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கித் துருத்தி போட்டு ஊதினார்கள். இரண்டரை மணி நேரம். கட்டையும் இலையும் காற்றில்லாமல் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்க, இரும்பு உருகியது. ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே கும்பாச்சியாய் ஒரு கட்டி. தமிழில் அது உருக்கு, கன்னடத்தில் உக்கு. வெள்ளைக்காரன் வாயில் விழுந்து 'வூட்ஸ்' ஆனது.

இந்தக் கட்டிகள் சில 1790களில் பம்பாயிலிருந்து கப்பலேறின. அங்கே மருத்துவராக இருந்த ஹெலினஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அவற்றை அனுப்பிவைத்தார். கட்டி ஆளாளுக்குக் கைமாறி, அறுவை சிகிச்சைக் கத்திகள் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரிடம் வந்தது. அடித்துப் பார்த்தார், தீட்டிப் பார்த்தார், மயங்கிவிட்டார். ஐரோப்பாவின் ஆகச் சிறந்த உருக்கைவிட இது மேல் என்று தன் கடையின் விளம்பரச் சீட்டிலேயே அச்சடித்துக்கொண்டார். ஒரே ஒரு குறை. இந்தியாவிலிருந்து எப்போது எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. இதை லண்டனிலேயே செய்துவிட்டால் என்ன? அதற்கு ஒரு கெட்டிக்காரப் பையன் வேண்டும்.

பையன் கிடைத்தான். கொல்லர் மகன், புத்தகம் தைக்கிற கடையில் வேலை பழகியவன், ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். பெயர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரம், டைனமோ எல்லாம் பிற்பாடு. 1819-ல் அவர் முன்னால் இருந்தது நம் பக்கத்து உருக்குக் கட்டிதான். அதைக் கரைத்துப் பிரித்துப் பார்த்த ஃபாரடே, இதன் ரகசியம் இதில் கலந்திருக்கும் துளி அலுமினாவும் சிலிக்காவும்தான் என்று முடிவு கட்டினார்.

முழுத் தப்பு. ரகசியம் கார்பனில் இருந்தது. அதன் அளவிலும், கட்டி மெதுவாக ஆறியதிலும் இருந்தது. ஆனால் விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு லாபகரமான தப்புகள் குறைவு. உருக்கில் வேறெதையோ கலந்தால்தான் அது உயரும் என்று நம்பிவிட்ட ஃபாரடே, ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்க்கத் தொடங்கினார். வெள்ளி, நிக்கல், பிளாட்டினம், ரோடியம். ரோடியம் கலந்த உருக்கில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். நல்ல கலவைகளைப் பெரிய அளவில் உருக்க ஷெஃபீல்டு நகரத்துக்கு அனுப்பினார். ஷெஃபீல்டு என்ற பெயர் இந்தக் கதையில் இன்னும் பல தடவை வரும்.

அவர்களது கட்டுரையைப் பாரிசில் படித்த பியர் பெர்த்தியே என்ற சுரங்கப் பொறியாளர் 1821-ல் இன்னொன்றைக் கலந்தார்: குரோமியம். அப்போது அது கண்டுபிடித்து கால் நூற்றாண்டுகூட ஆகாத உலோகம். (அதன் தாது நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியிலும் கிடக்கிறது. நிலா மண் மாதிரி இருக்கிறதென்று பிற்காலத்தில் இஸ்ரோ அள்ளிப்போனதும் அந்த ஊர்ப் பாறையைத்தான்.) குரோமியம் கூடக் கூட, அமிலத்தில் இரும்பு கரைய மறுப்பதைப் பெர்த்தியே பார்த்தார். கத்தி செய்ய ஆகுமே என்றும் எழுதினார். உடனே 1822-ல் ஃபாரடேயும் ஸ்டோடார்ட்டும் குரோமியம் கலந்து ஒரு வார்ப்பு எடுத்தார்கள். அளவு கொஞ்சம். அழகான வரிகள் தெரிகின்றன என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஸ்டோடார்ட் இறந்தார். ஃபாரடே உலோகத் துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு மூடிவிட்டு, காந்தம், கம்பிச்சுருள் என்று வேறு பக்கம் போனார். கைக்கு எட்டியது அங்கேயே நின்றது.

இதற்கிடையில் நம் கரையில் ஒரு கூத்து. ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை திறந்தார். சேலத்து மலைகளின் தாது, காட்டு மரத்தின் கரி. ஆவாரங்கட்டை, எருக்கிலைப் பக்குவத்தை நேரில் பார்த்து விவரமாக எழுதிவைத்தவர் இவர்தான். மேலே சொன்ன செய்முறை பெரும்பாலும் அவர் புண்ணியம். ஆலையில் நஷ்டம். மனுஷன் ஷெஃபீல்டுக்குப் போய், உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் தரம் உயரும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் சின்னதாக ஒரு மாற்றம் செய்து காப்புரிமைக்குக் காசு தராமல் அதையே செய்தார்கள். வழக்குப் போட்டார் ஹீத். 1851-ல் செத்தும் போனார். வழக்கு மட்டும் உயிரோடிருந்து 1855-ல் பிரபுக்கள் சபையில் அவருக்கு எதிராகவே முடிந்தது. மாங்கனீசு கதையில் மறுபடி தலைகாட்டும்.

ஃபாரடேயைத் தேடி விஷயம் இரண்டாம் தடவை வந்தது 1836-ல், தபாலில். அனுப்பியவர் சுவிட்சர்லாந்தின் பாசெலில் இருந்த ஷோன்பைன். விஷயம் வினோதமானது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டால் புகை கக்கிக்கொண்டு கரைகிறது. காரமான, கெட்டியான அமிலத்தில் போட்டால் சும்மா கிடக்கிறது. அதைவிட வேடிக்கை, கெட்டி அமிலத்தில் முங்கி எழுந்த இரும்பை நீர்த்த அமிலத்தில் போட்டாலும் சும்மா கிடக்கிறது. ஒரு கீறு கீறினால் போதும், சாமி வந்த மாதிரி பொங்கித் தீர்க்கிறது. ஃபாரடே தானும் செய்து பார்த்து ஒரு விளக்கம் சொன்னார்: இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சிஜன் படலம் ஒன்று போர்வையாய்ப் படிந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அவர் சொன்னது சரி.

அந்தப் போர்வை கீறினால் கிழிந்துவிடும். கிழிந்தாலும் தானே தைத்துக்கொள்கிற போர்வை ஒன்று உண்டு. அதைத் தரக்கூடிய குரோமியம், பதினாலு வருடம் முன்பு அவரே உருக்கிய துண்டாக, அதே கட்டடத்தின் மரப்பெட்டியில் இருந்தது. பெட்டியை அவர் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது என்பதுதான் என் எண்ணம். நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் இருந்தால்தான் போர்வை முழுசாகப் படியும். அவர் கலந்தது அதில் ஒரு சிறு பங்கு. அவ்வளவு குரோமியம் சேர்த்தால், அந்தக் காலத்து முறையில் கரியும் கூடவே ஏறி, உருக்கு கண்ணாடிபோல நொறுங்கிவிடும். கரி சேராத குரோமியம் எடுக்கிற வழி 1890களில் ஜெர்மனியின் கோல்ட்ஷ்மிட் கையில்தான் பிறந்தது.

வழி பிறந்த அதே பத்தாண்டில் வந்து வழியை அடைத்தவர் சாதாரண ஆள் இல்லை. ராபர்ட் ஹாட்ஃபீல்டு, ஷெஃபீல்டின் மகா நிபுணர். 1892-ல் குரோமிய உருக்குகளை அரிப்புச் சோதனைக்கு வைத்தார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது பாதிக்குப் பாதி கந்தக அமிலம். மழைத்தண்ணீர், காற்று, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தப் போர்வை தாங்கவே தாங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். உருக்கு கரைந்தது. குரோமியம் சேர்த்தால் அரிப்பு அதிகமாகிறது என்று எழுதினார். அவர் எழுதினால் மறுபேச்சு ஏது? இருபது வருடம் அந்தப் பக்கம் அநேகமாக ஆள் நடமாட்டமே இல்லாமல் போனது.

1911-ல் ஜெர்மனியின் மொன்னார்ட்ஸ், குரோமியம் பன்னிரண்டு சதவீதத்தை நெருங்கும்போது அரிப்பு சட்டென்று விழுகிறது என்று அளந்து காட்டினார். 1912-ல் எசன் நகரத்து க்ருப் நிறுவனத்தின் ஸ்ட்ராஸும் மௌரரும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்துக் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார்கள். பந்தயம் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் இவை எதுவும் காதில் விழாத ஒருவர் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஹாரி பிரியர்லி உருக்குக் காய்ச்சுகிற தொழிலாளியின் மகன். ஒண்டுக் குடித்தன வீடு. பன்னிரண்டு வயதில் ஃபிர்த் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவப் போனவர், நாற்பது வயதுக்குள் அந்த ஆலையும் இன்னொன்றும் கூட்டாக நடத்திய ஆய்வுக்கூடத்துக்கே தலைவர். 1912-ல் அவரிடம் வந்த பிரச்சினை, சுடச் சுட ராணுவத் துப்பாக்கியின் குழாய் உள்ளே அரிக்கப்பட்டுப் பெருத்துவிடுகிறது என்பது. துருவைப் பற்றிப் பேச்சே இல்லை. சூட்டைத் தாங்கட்டும் என்று குரோமியத்தைக் கூட்டிக் கூட்டி வார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று மின்சார உலையில் ஊற்றிய வார்ப்பில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம்.

ஓர் உலோகத்தின் குணம் தெரிய வேண்டுமானால் அதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். துண்டைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுவார்கள். அமிலம் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும். கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் வரப்பு கட்டிய வயல்போல உள்ளமைப்பு விரியும். பிரியர்லி ஆயிரக்கணக்கான தடவை செய்த வேலை. அன்றைக்கு அமிலம் விட்டுக் கழுவி வைத்துப் பார்த்தால் வரப்பும் இல்லை, வயலும் இல்லை. வெறும் பளபளப்பு. மறுபடி விட்டார். மறுபடியும் பளபளப்பு. குப்பையில் எறிந்த குழாய் மழையில் கிடந்தும் மின்னியதாக ஒரு கதை பரவலாக உலவுகிறது. அது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நடந்தது இந்த மௌனம். தன் உள்ளமைப்பைக் காட்ட மறுத்த உலோகம் அப்படி மறுத்ததாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது.

வேறொருவர் அமிலம் கெட்டுப்போச்சு என்று புதுப் பாட்டிலை உடைத்திருப்பார். பிரியர்லிக்கு நினைவு ஷெஃபீல்டின் கத்திகள் மேல் போனது. அந்தக் காலத்து மேசைக்கத்தியால் எலுமிச்சம்பழம் வெட்டினால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. முதலாளிகளிடம் சொன்னார். அவர்கள் கேட்டது துப்பாக்கிக் குழாய். இவர் கொண்டுவந்தது சாப்பாட்டுக் கத்தி. காப்புரிமை எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊர்க் கத்திக்காரர்கள் இரண்டு பேரிடம் உருக்கைக் கொடுத்தார். பழைய பக்குவத்தில் அடித்தவர்கள், முனை நிற்கவில்லை என்று திருப்பித் தந்தார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகான் என்று கேலி வேறு.

1914-ல் மோஸ்லி கத்தி நிறுவனத்தின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட்டைப் பார்த்தார். துருப்பிடிக்காத இரும்பா என்று ஸ்டூவர்ட்டும் முதலில் நம்பவில்லை. இரண்டு தடவை அடித்துத் தோற்றார். சூடு எவ்வளவு, எப்படி ஆறவைப்பது என்பதைப் பிரியர்லி கூட நின்று திருத்த, மூன்றாம் தடவை நல்ல கத்தி வந்தது. வினிகரில் முக்கி எடுத்தார் ஸ்டூவர்ட். கறையில்லை. பிரியர்லி வைத்திருந்த பெயர் 'ரஸ்ட்லெஸ்'. ஸ்டூவர்ட் வாயில் வந்தது 'ஸ்டெயின்லெஸ்'. அதுவே நின்றுவிட்டது.

யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் பிரியர்லி 1915-ல் வேலையை விட்டு விலகினார். அதற்குள் முதல் உலகப் போர். கத்தி செய்ய உருக்கு கிடையாது, எல்லாம் விமான எஞ்சின் வால்வுக்குப் போயிற்று. துப்பாக்கிக் குழாய்க்கு அது அப்போது பயன்படவே இல்லை. அவர் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஹேட்ஃபீல்டு. பெயர் ஏறக்குறைய அதே, ஆள் வேறு. 1924-ல் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் என்று அவர் கண்ட கலவை கத்தியாக நிற்காது. ஆனால் தட்டினால் வளையும், இழுத்தால் கிண்ணமாகக் குழியும், கிழியாது.

பழைய ஹாட்ஃபீல்டுக்கும் ஒரு காட்சி பாக்கி இருந்தது. 1931-ல், 'ஃபாரடே' என்று சீட்டு ஒட்டிய அந்த மரப்பெட்டியை ஆராயும் வேலை அவருக்கே வாய்த்தது. உள்ளே 79 துண்டுகள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்தத் துண்டுகளில் துளித்துளியாய் அறுத்து அலசி ஒரு புத்தகமே எழுதினார். குரோமியம் வேண்டாமென்று சொன்னவரின் ஆய்வுமேசைக்கே குரோமிய உருக்கின் பாட்டன் வந்து சேர்ந்தான்.

நம் ஊர்ப் பக்கம் அப்போது பித்தளையும் வெண்கலமும்தான். பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதற்காக ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருத்தெருவாக வருவார். சுதந்திரத்துக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஒரு புதுப் பாத்திரம் வந்தது. புளி ஊற்றினாலும் பேசாமல் இருந்தது. பித்தளையைப் போட்டு அதை வாங்கினார்கள். ஈயம் பூசுகிறவரின் குரல் தெருவில் தேய்ந்து நின்றது.

1970-ல் சேலம் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைத் தாதும் நெய்வேலி நிலக்கரியும் சேர்த்து இரும்பு காய்ச்சுவதுதான் முதல் திட்டம். 1980களின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியபோது, மலையிலிருந்து ஒரு கூடை தாதும் இறங்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஸ்டெயின்லெஸ் சுருள்களை உருட்டித் தகடாக்கியது ஆலை. நாணயத்துக்கான வில்லைகளும் இங்கே வெட்டினார்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கவுத்திமலையிலும் அதே காந்தத்தாது உண்டு. அதைத் தோண்டப் போட்ட திட்டம் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்ததில் நின்றுபோயிற்று. இரும்பு அங்கேயே மலையாகவே இருக்கிறது.

பௌர்ணமி கிரிவலம் முடிந்த காலையில் தேரடித் தெருப் பாத்திரக் கடைகளில் கூட்டம் இருக்கும். கல்யாணத்துக்கு அன்பளிப்பு வாங்க வந்த குடும்பம் ஒரு டம்ளரைத் தட்டிப் பார்க்கும், காந்தம் ஒட்டுகிறதா என்று கேட்கும். எவர்சில்வர் டம்ளர். மேல்சிறுவள்ளூர் மூசை, ஃபாரடே பெட்டி, பிரியர்லியின் அமிலச் சொட்டு எல்லாம் சேர்ந்து வந்து நிற்பது அரைப்படித் தண்ணீர்கூடப் பிடிக்காத இந்தப் பாத்திரத்தில்தான். ஸ்டெயின்லெஸ் என்று ஷெஃபீல்டு வைத்த பெயரைத் தமிழ்நாடு பெரும்பாலும் சட்டை செய்யவில்லை. வெள்ளி வாங்க முடியாத வீடுகளுக்கு எவர்சில்வர் என்கிற பெயரே போதுமானதாக இருந்தது. விலை குறைந்த ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பரங்கிப்பேட்டை ஹீத்தின் அதே மாங்கனீசு.

கடை வாசலில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேர் வெட்டிக்கொண்டிருப்பார். மின்சார ஊசி கிர்ரென்று ஓட, டம்ளரின் தோளில் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். ஊசி குத்துகிற ஒவ்வொரு புள்ளியிலும் போர்வை கிழிகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு கனம்தான் அது. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் குரோமியம் உடனே தைத்துவிடுகிறது. ஊசி அடுத்த புள்ளிக்குப் போவதற்குள் வேலை முடிந்தது. உப்பு மட்டும் அதற்கு ஆகாது. ஊறுகாயைப் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் குழி விழும். மற்றபடி, வெட்டிய பேர் வெட்டியபடி இருக்கும்.

“இனிஷியல் அப்பாவோடதா, வீட்டுக்காரரோடதா?” என்று கேட்பார் அவர், ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி.